பறவைப் படத்துக்கு எந்த பிரிட்ஜ் கேமரா? நிகான் பி950, சோனி ஆர்எக்ஸ்10 மார்க் 4: ஓர் ஒப்பீடு

பறவைகளைப் படமெடுப்பதற்காக சூப்பர்ஜூம் பிரிட்ஜ் கேமரா (லென்ஸைக் கழற்ற முடியாத, மிக நீண்ட ஜூம் கொண்ட கேமரா) வாங்க நினைப்பவர் முதலில் பார்ப்பது, பெட்டியின்மேல் பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் ஜூம் மடங்கைத்தான். 65, 83, 125 என்று அது ஏறிக்கொண்டே போவதைக் காணும்போது, எண் பெரிதானால் பறவையும் பெரிதாகும் என்று எண்ணுவது இயல்பே. ஆனால் அந்த மடங்கு, லென்ஸின் மிக நீண்ட குவியத் தூரத்தை (மி.மீ.யில் சொல்லப்படும் இது கூடக்கூடத் தொலைவில் உள்ள பொருள் பெரிதாகத் தெரியும்) மிகக் குறுகிய குவியத் தூரத்தால் வகுத்து வரும் விகிதம் மட்டுமே. பானாசோனிக் எஃப்இசட்82 கேமரா 20 மி.மீ. அளவில் தொடங்கி 1200 மி.மீ. அளவில் முடிவதால் 60 மடங்கு என்று சொல்லிக்கொள்கிறது. சோனி எச்எக்ஸ்400வி 24 மி.மீ. அளவில் தொடங்கி அதே 1200 மி.மீ. அளவில் முடிவதால் 50 மடங்கோடு நின்றுவிடுகிறது. மரக்கிளையில் இருக்கும் குருவிக்கு இந்த இரண்டுக்கும் எட்டத்தில் எந்த வேறுபாடும் இல்லை.

ஆகவே மடங்கை ஒதுக்கிவிட்டு வேறு மூன்றைப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. லென்ஸ் எவ்வளவு ஒளியை உள்ளே விடுகிறது, ஃபோகஸ் எவ்வளவு விரைவாகப் பிடிக்கிறது, பறவையை வியூஃபைண்டருக்குள் கொண்டுவருவது எவ்வளவு எளிது என்பவையே அவை. இந்த மூன்றையும் வைத்துப் பார்க்கும்போது போட்டி இரண்டு கேமராக்களுக்கு இடையே வந்து நிற்கிறது. ஒன்று, 2020இல் அறிவிக்கப்பட்ட நிகான் கூல்பிக்ஸ் பி950. சிறிய சென்சாரும் (படத்தைப் பதிவுசெய்யும் சில்லு) 2000 மி.மீ. வரை நீளும் லென்ஸும் கொண்டது. மற்றொன்று, 2017இல் வந்த சோனி ஆர்எக்ஸ்10 மார்க் 4. ஓர் அங்குல வகை சென்சாரும் 600 மி.மீ. வரை நீளும் லென்ஸும் கொண்டது. இங்கே சொல்லும் குவியத் தூரங்கள் அனைத்தும், வேறுவிதமாகக் குறிப்பிடாத இடங்களில், முழுச்சட்டக கேமராவுக்கு (35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார் கொண்டது) இணையாகக் கணக்கிட்டவை.

ஒளியைப் பற்றிய கணக்கிலிருந்து தொடங்குகிறேன். விளம்பரங்களில் ஒருபோதும் இடம்பெறாத கணக்கு இதுதான். லென்ஸின் உண்மையான குவியத் தூரத்தை அப்பெர்ச்சர் எண்ணால் (எஃப் 4 என்பதில் உள்ள 4 போன்றது) வகுத்தால், ஒளி நுழையும் துளையின் விட்டம் கிடைக்கும். மழையில் வைத்த பாத்திரத்தில் எவ்வளவு நீர் சேரும் என்பதை அதன் வாயகலம் தீர்மானிப்பதுபோல, தொலைவில் உள்ள ஒரு பறவையிடமிருந்து கேமராவுக்கு வந்துசேரும் ஒளியை இந்தத் துளையின் அகலமே தீர்மானிக்கிறது. ஆர்எக்ஸ்10 மார்க் 4 லென்ஸின் உண்மையான நீளம் 220 மி.மீ.; முழு ஜூமில் அதன் அப்பெர்ச்சர் எஃப் 4; எனவே துளை 55 மி.மீ. பி950 லென்ஸின் உண்மையான நீளம் 357 மி.மீ.; முழு ஜூமில் எஃப் 6.5, வகுத்தால் இதற்கும் 55 மி.மீ. தான். அதாவது, 'பெரிய சென்சார்' கேமராவும் 'சிறிய சென்சார்' கேமராவும் ஒரே தொலைவில் உள்ள ஒரே பறவையிடமிருந்து, இரண்டும் முழு ஜூமில் இருக்கும்போது, ஒரே அளவு ஒளியைத்தான் சேகரிக்கின்றன. சென்சார் பெரிதாக இருப்பதாலேயே எட்டாத தொலைவில் உள்ள பறவையின் படம் தெளிவாகிவிடும் என்று சொல்பவர்கள் இந்த இடத்தில் சற்று நின்று யோசிக்க வேண்டும்.

வேறுபாடு எங்கே வருகிறது என்றால், அந்த ஒளி எத்தனை பிக்சல்களின்மேல் பரவுகிறது என்பதில் வருகிறது. 30 மீட்டர் தொலைவில் 15 செ.மீ. நீளமுள்ள ஒரு பறவை பக்கவாட்டில் அமர்ந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். ஆர்எக்ஸ்10 மார்க் 4 முழு ஜூமில் அந்தத் தொலைவில் 1.8 மீட்டர் அகலத்தைக் காட்டும். பறவை அதில் பன்னிரண்டில் ஒரு பங்கு, அதாவது சுமார் 450 பிக்சல் நீளத்துக்கு மட்டுமே விழும். பி950 அதே இடத்தில் அரை மீட்டரைச் சற்றே தாண்டிய அகலத்தைக் காட்டுவதால், பறவை ஏறத்தாழ 1300 பிக்சல் நீளத்துக்கு வந்துவிடும். கதிர்க்குருவிகளையும் உள்ளான்களையும் இனம் பிரித்து அறிய விரும்புபவருக்கு, இறகுகளின் ஓரக்கோடும் கண்ணைச் சுற்றிய வளையமும் கால்களின் நிறமும் தெரிய வேண்டும். 450 பிக்சலில் அவை தெரிந்தும் தெரியாமலும் இருக்கும், 1300 பிக்சலில் பெரும்பாலும் தெரிந்துவிடும். பதிவேட்டுக்காகப் படமெடுப்பவர்கள் பலர் பி950ஐயும் அதற்கு முந்தைய பி900ஐயும் விடாமல் வைத்திருப்பதற்கு இதுவே காரணம்.

ஆனால் பிக்சல் மூன்று மடங்கு கூடினால் விவரமும் மூன்று மடங்கு கூடிவிடும் என்று எதிர்பார்க்கக் கூடாது. ஒளி ஒரு துளை வழியாக வரும்போது ஏற்படும் விளிம்பு விளைவால் ஒவ்வொரு புள்ளியும் ஒரு சிறிய வட்டமாகப் பரவுகிறது. எஃப் 6.5 அப்பெர்ச்சரில் அந்த வட்டத்தின் விட்டம் சுமார் 8.7 மைக்ரான், பி950இன் ஒரு பிக்சலோ சுமார் 1.34 மைக்ரான் மட்டுமே. ஆறு பிக்சலுக்கு மேல் ஒரு புள்ளி பரவும் நிலையில், படத்தை முழு அளவில் பெரிதாக்கிப் பார்த்து 'கூர்மை இல்லையே' என்று வருந்துவதில் பொருளில்லை. பாதி அளவுக்குச் சுருக்கிப் பார்ப்பதே நியாயமான சோதனை. அப்படிப் பார்க்கும்போதும் பி950 தொலைவில் தெளிவாக முன்னே நிற்கிறது, விளம்பர எண் சொல்லும் அளவுக்கு அல்ல என்பது மட்டுமே வேறுபாடு.

இதே கணக்குதான் நிகானின் பி1000 மீது எனக்குள்ள தயக்கத்துக்கும் காரணம். 2018இல் வந்த அந்த கேமரா 3000 மி.மீ. வரை நீள்கிறது, 2025இல் வந்த பி1100 அதே லென்ஸோடு யூஎஸ்பி-சி இணைப்பைப் பெற்றிருக்கிறது. உண்மையான நீளம் 539 மி.மீ., முழு ஜூமில் எஃப் 8. துளை 67 மி.மீ. நீளம் பி950ஐவிட ஒன்றரை மடங்கு கூடியிருக்கிறது. ஆனால் விவரத்துக்கு எல்லை வகுக்கும் துளையோ 55இலிருந்து 67க்கு, அதாவது ஐந்தில் ஒரு பங்குதான் கூடியிருக்கிறது. இந்தச் சிறு ஆதாயத்துக்காக 1005 கிராம் எடையை 1415 கிராமாக்கிக்கொண்டு நாள் முழுவதும் நடப்பது எனக்குச் சரியான பேரமாகத் தோன்றவில்லை. ஒரே இடத்தில் மறைவில் அமர்ந்து, ட்ரைபாடில் வைத்து, ஏரியின் மறுகரையில் உள்ள நாரைக் கூட்டைக் கவனிப்பவருக்கு மட்டும் வேறு முடிவு பொருந்தலாம். முழு ஜூமில் பி1000 ஏறத்தாழ 7 மீட்டருக்கும் பி900 ஏறத்தாழ 5 மீட்டருக்கும் உட்பட்ட பொருள்மீது ஃபோகஸ் செய்யாது. காலடிக்கு வந்துவிட்ட பறவைக்கு ஜூமைக் குறைக்க வேண்டியிருக்கும். ஆர்எக்ஸ்10 மார்க் 4 அதன் முழு ஜூமிலேயே 72 செ.மீ. வரை நெருங்குகிறது, பறவை வராத பொழுதில் தும்பியையும் பட்டாம்பூச்சியையும் எடுக்க அது பெரிய வசதி.

இந்த நிகான் வரிசையின் புகழுக்கு நிலாப் படங்களும் ஒரு காரணம் என்பதால் இடையில் ஒரு சொல். நிலா என்பது வெயிலில் கிடக்கும் பாறை. அது வெளிச்சமானது, அசையாதது, கறுத்த பின்னணியில் தனியே நிற்பது. இலைகளின் நிழலுக்குள், ஒரு கணமும் ஓரிடத்தில் தங்காத, பழுப்பு நிறக் குருவியோடு அதற்கு எந்த ஒற்றுமையும் இல்லை. நிலாவை அருமையாக எடுத்திருக்கிறார்கள் என்பதைப் பார்த்து பறவை கேமராவைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

இனி ஃபோகஸ். சிறிய சென்சார் கொண்ட சூப்பர்ஜூம்கள், பி950 உட்பட, மாறுபாட்டை அளந்து ஃபோகஸைத் தேடும் முறையைப் பயன்படுத்துகின்றன. லென்ஸை முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்து, எங்கே விளிம்புகள் கூர்மையாகின்றனவோ அங்கே நிற்கும் முறை இது. வெளிச்சத்தில் திறந்த கிளையில் அமர்ந்த பறவைக்கு இது போதும். புதருக்குள் உள்ள பறவைக்கு முன்னால் ஒரு குச்சி இருந்தால் குச்சியையே பிடித்துக்கொள்ளும். வெளிச்சம் மங்கினால் முன்னும் பின்னும் அலையும். பறந்து வரும் பறவைக்கு, அது எங்கே இருந்ததோ அங்கே நிற்கும், எங்கே இருக்கிறதோ அங்கே நிற்காது. பி950இல் ஃபோகஸ் புள்ளியை மிகச் சிறியதாக வைத்துக்கொள்வதும், லென்ஸின் பக்கத்தில் உள்ள சுழல் விசையால் கையாலேயே சரிசெய்யப் பழகுவதும் பாதிச் சிக்கலைத் தீர்க்கும். பறத்தல் என்ற மீதிப் பாதிக்கு அதில் மருந்தில்லை.

அந்த மீதிப் பாதிக்காகவே ஆர்எக்ஸ்10 மார்க் 4 வாங்கப்படுகிறது. அதன் சென்சாரிலேயே 315 கட்ட உணர்வுப் புள்ளிகள் இருப்பதால், பொருள் எந்தப் பக்கம் எவ்வளவு விலகியிருக்கிறது என்பதை கேமரா தேடாமலே அறிந்துகொள்கிறது. நொடிக்கு 24 படங்கள் எடுக்கும்போதும் ஒவ்வொரு படத்துக்கும் ஃபோகஸைப் புதுப்பிக்கிறது. சுமார் 249 ஜேபெக் படங்கள் வரை, அதாவது பத்து நொடியளவு, இடைவிடாமல் எடுக்க முடியும் என்று தயாரிப்பாளர் குறிப்பிடுகிறார். பி950 நொடிக்கு 7 படங்கள் எடுத்தாலும் அந்த வேகத்தை ஒரு நொடிக்குச் சற்று மேல் தாக்குப்பிடித்துவிட்டு, அட்டையில் எழுதி முடிக்கும்வரை காத்திருக்க வைக்கிறது. மீன்கொத்தி நீரில் பாய்ந்து மீனோடு வெளிவருவதற்குள் ஷட்டரை எந்தக் கணத்தில் அழுத்துவது என்ற கேள்வி பி950 வைத்திருப்பவருக்கு ஒரு சூதாட்டம். ஆர்எக்ஸ்10 வைத்திருப்பவருக்கு விரலை வைத்துக்கொண்டிருப்பதோடு முடிகிறது. பருந்தும் நாரையும்போல் நிதானமாகப் பறப்பவற்றை இதில் நன்றாகவே எடுக்கலாம். தகைவிலானும் உழவாரனும் இதற்கும் கடினமே. லென்ஸில் ஃபோகஸ் எல்லையை 3 மீட்டருக்கு அப்பால் மட்டும் என்று கட்டுப்படுத்தும் விசை இருப்பதைப் பறவைகளுக்கு எப்போதும் பயன்படுத்த வேண்டும்.

இந்த கேமராவின் இன்னொரு வலிமை, பறவை ஓரளவு அருகில் இருக்கும்போது வெளிப்படுகிறது. பறவை 600 மி.மீ. அளவிலேயே சட்டகத்தை நிறைக்குமானால், பி950இலும் ஜூமை அந்த அளவுக்குக் குறைக்க வேண்டும். குறைக்கும்போது அதன் ஒளித்துளையும் சுருங்கிவிடும், மேலே சொன்ன சமநிலை குலைந்துவிடும். அப்போது சோனியின் சென்சார் பரப்பு ஏறத்தாழ நான்கு மடங்கு பெரிது என்பது முழுப் பயனைத் தருகிறது: விடியற்காலை வெளிச்சத்தில் இறகின் மென்மை கெடாமலும், பின்னணி நன்றாகக் கலங்கியும் படம் வரும். பறவைகள் மனிதரைப் பொறுத்துக்கொள்ளும் பூங்காக்களிலும், நீர்நிலையை ஒட்டிய மறைவிடங்களிலும் பெரும்பகுதி நேரத்தைச் செலவிடுபவருக்கு நான் ஆர்எக்ஸ்10 மார்க் 4ஐத் தயங்காமல் சொல்வேன். திறந்த சேற்றுவெளி, கடலோரம், உயர்ந்த மரங்களின் உச்சி என்று பறவை எப்போதும் எட்டத்திலேயே இருக்கும் இடங்களில் அலைபவருக்கு பி950தான்.

பறவையைக் கண்டுபிடிப்பது பற்றிப் பேசாமல் இந்த வகை கேமராவைப் பற்றிப் பேசி முடிக்க முடியாது. 2000 மி.மீ. அளவில் பார்வை அகலம் ஒரு பாகையை ஒட்டியது. வெறுங்கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் பறவை, வியூஃபைண்டரில் இலையும் வானமுமாக மறைந்துபோகும். பி950இலும் பி1000இலும் லென்ஸின் பக்கத்தில் ஒரு பொத்தான் உண்டு; அதை அழுத்திப் பிடித்தால் ஜூம் தற்காலிகமாகப் பின்வாங்கி, முன்பிருந்த சட்டகத்தை ஒரு கட்டமாகக் காட்டும், விட்டால் பழைய நிலைக்குத் திரும்பும். கேனான் எஸ்எக்ஸ்70 எச்எஸ் கேமராவிலும் இதே வசதி உண்டு. வாங்கிய முதல் வாரத்தில் வேறெதையும் கற்காவிட்டாலும் இந்தப் பொத்தானை விரல் தானாகத் தேடும் அளவுக்குப் பழக வேண்டும். இதைவிட விரைவானது புள்ளிக் குறிபார்ப்பான். கேமராவின் மேலுள்ள இணைப்பில் பொருத்தி, இரு கண்களும் திறந்திருக்க, சிவப்புப் புள்ளியைப் பறவைமீது வைத்தால் லென்ஸும் அங்கேயே பார்த்துக்கொண்டிருக்கும். ஒலிம்பஸ் 2014இல் எஸ்பி-100இஇ என்ற பிரிட்ஜ் கேமராவில் இதை உடலோடு சேர்த்தே வைத்தது. நல்ல யோசனை, பிறர் அதைப் பின்பற்றாதது வருத்தமே. நிகான் டிஎஃப்-எம்1 என்ற பெயரில் பி950க்கும் பி1000க்கும் இதைத் தனித் துணைக்கருவியாக விற்கிறது. பி900இல் அந்த மேல் இணைப்பே கிடையாது. பி950க்கு மாறுவதற்கு இது ஒன்றே எனக்குப் போதுமான காரணமாக இருக்கும். வியூஃபைண்டரும் 9.21 லட்சம் புள்ளிகளிலிருந்து 23.6 லட்சம் புள்ளிகளாக உயர்ந்திருக்கிறது. ரா கோப்பும் (கேமரா பதப்படுத்தாத மூலப்படம்) வந்திருக்கிறது.

நீண்ட ஜூமின் உண்மையான பகைவன் கை நடுக்கம் என்று பலர் நினைக்கிறார்கள். அதை இன்றைய நிலைப்படுத்தி பெருமளவு அடக்கிவிடுகிறது. அடக்க முடியாதது காற்றின் நடுக்கம். வெயில் ஏறியபின் சேறும் மணலும் தண்ணீரும் காற்றைச் சூடாக்க, 100 மீட்டருக்கு அப்பாலுள்ள பறவை நீருக்கடியில் இருப்பதுபோல் நெளியத் தொடங்கும். அந்த நேரத்தில் எந்த கேமராவும், எந்த ட்ரைபாடும், எந்த மென்பொருளும் உதவாது. 'முழு ஜூமில் கூர்மை இல்லை' என்று வரும் குறைகளில் பெரும்பகுதி லென்ஸின் குறை அல்ல என்றே நான் கருதுகிறேன். காலையில் அதே கேமரா வேறொரு கேமராவாக நடந்துகொள்ளும். டிஜிட்டல் ஜூமை அணைத்துவைப்பதும் இதோடு சேர்ந்த முன்னெச்சரிக்கையே.

எடை ஒரு கிலோவைத் தொடக் கூடாது என்பவருக்கு கேனான் எஸ்எக்ஸ்70 எச்எஸ் இருக்கிறது: சுமார் 610 கிராம், 1365 மி.மீ. எட்டம், நொடிக்கு 10 படங்கள். ஒளித்துளை 38 மி.மீ. தான் என்பதால் பி950க்குக் கிடைக்கும் ஒளியில் பாதியைவிடச் சற்றுக் குறைவே இதற்குக் கிடைக்கும். நல்ல வெயிலில் அது தெரியாது, மேகமூட்டத்தில் தெரியும். பானாசோனிக் எஃப்இசட்300, 600 மி.மீ. வரை எஃப் 2.8 மாறாமல் தருவது கவர்ச்சியாக இருந்தாலும் அதன் துளையும் ஏறத்தாழ அதே 38 மி.மீ. தான், பிக்சலும் 12 மெகாபிக்சல்தான். தூசியும் தூறலும் தாங்கும் உடல் தேவைப்படுபவர் மட்டும் அதைப் பரிசீலிக்கலாம்.

லென்ஸ் மாற்றும் கேமராவே வாங்கிவிடலாமே என்ற கேள்விக்கும் துளைக் கணக்கே பதில் சொல்கிறது. எஃப் 6.3 அளவுள்ள 150-600 மி.மீ. லென்ஸின் துளை 95 மி.மீ.; பி950ஐப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு ஒளி. புதிய மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத, லென்ஸ் மாற்றும்) கேமரா உடல்கள் பறவையின் கண்ணையே கண்டறிந்து பின்தொடரவும் செய்கின்றன. படத்தின் தரத்தில் பிரிட்ஜ் கேமரா அவற்றோடு போட்டியிடவே முடியாது. ஆனால் அந்த லென்ஸ் மட்டுமே 2 கிலோவை ஒட்டியது, உடலின் எடை தனி. தோளில் இருநோக்கியும் கையில் குறிப்பேடும் வைத்துக்கொண்டு நடப்பவர் அதை எடுத்துச் செல்வாரா, வீட்டிலேயே விட்டுவிடுவாரா என்பதை அவரே முடிவு செய்ய வேண்டும்.

அமைப்புகளில் நீண்ட விளக்கம் தேவையில்லை. அமர்ந்த பறவைக்கு நொடியில் 250இல் ஒரு பங்கு முதல் 500இல் ஒரு பங்கு வரையும், பறக்கும் பறவைக்கு 2000இல் ஒரு பங்கை ஒட்டியும் ஷட்டர் வேகத்தை வைத்து, ஒளி உணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓவைத் தானியங்கியாக விட்டு, அதற்கு ஒரு மேல்வரம்பு வகுக்க வேண்டும். பி950இல் 800க்கு மேல் நான் விரும்புவதில்லை, ஆர்எக்ஸ்10இல் 3200 வரை பொறுத்துக்கொள்ளலாம். அப்பெர்ச்சரை எப்போதும் முழுதாகத் திறந்தே வைக்க வேண்டும். சிறிய சென்சாரில் அதை மூடினால் விளிம்பு விளைவுதான் கூடும். நிகானின் பறவை நோக்கும் பயன்முறை தொடக்கத்துக்கு நல்லது. ஆனால் ஷட்டர் வேகத்தை அது நம் கையில் தராது என்பதால் விரைவில் அதைக் கடந்துவிடுவீர்கள்.

பயன்படுத்திய கேமரா வாங்குபவருக்குச் சில குறிப்புகள். சோனியில் மார்க் 3 கேமராவும் அதே லென்ஸ் கொண்டது, தோற்றத்திலும் மார்க் 4க்கு மிக நெருங்கியது. ஆனால் அதில் கட்ட உணர்வுப் புள்ளிகள் இல்லை, பறக்கும் பறவைக்காக வாங்குபவர் பெயர்ப்பலகையைச் சரிபார்க்க வேண்டும். நிகானில் லென்ஸை முழுதாக நீட்டி, குழாய் அளவுக்கு மீறி ஆடுகிறதா, மோட்டார் ஒலி ஒரே சீராக இருக்கிறதா என்று கேளுங்கள். நீண்டு சுருங்கும் லென்ஸ் காற்றை உள்ளிழுப்பதால் தூசியும் சேர்ந்து போகலாம். லென்ஸைக் கழற்ற முடியாத கேமராவில் சென்சாரின்மேல் விழுந்த தூசியை நாமே துடைக்க வழியில்லை. வெளிறிய வானத்தை நோக்கி, சிறிய அப்பெர்ச்சரில் ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தால் கறைகள் இருந்தால் தெரிந்துவிடும். பிறகு தொலைவில் உள்ள ஒரு பெயர்ப்பலகையை முழு ஜூமில் பத்துப் பன்னிரண்டு முறை புதிதாக ஃபோகஸ் செய்து எடுத்துப் பாருங்கள். படங்களுக்குள் கூர்மை மிகவும் மாறுபட்டால் அந்த கேமராவை விட்டுவிடலாம். மின்கலத்தைப் பொறுத்தவரை பி950க்கு ஒரு மின்னேற்றத்துக்கு சுமார் 290 படங்கள், ஆர்எக்ஸ்10 மார்க் 4க்கு சுமார் 400 என்பது தரநிலைக் கணக்கு. ஜூமை ஓயாமல் நீட்டிச் சுருக்கும் பறவை வேலையில் இது மேலும் குறையக்கூடும் என்பதால், இரண்டாவது மின்கலத்தின் செலவையும் கேமராவின் விலையோடு சேர்த்தே கணக்கிடுங்கள்.